உள்நாட்டில் நீதி உண்டா என்ற கேள்வி: ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமும் துருக்கி வழக்குகளும்

ஒரு குடிமகன் தன் சொந்த அரசை நாட்டுக்கு வெளியே உள்ள நீதிமன்றத்தில் நிறுத்திப் பதில் கேட்கலாம் என்ற ஏற்பாடு, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போரின் அழிவிலிருந்து பிறந்தது. 1950 நவம்பர் 4 அன்று ரோமில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கைக்கும், அதைக் காக்க ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அமைந்த நீதிமன்றத்துக்கும் இன்று 46 நாடுகள் கட்டுப்பட்டிருக்கின்றன. அவற்றில் துருக்கியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1954இலேயே உடன்படிக்கையை ஏற்ற துருக்கி, தனிமனிதர் முறையிடும் உரிமையை 1987இல்தான் ஒப்புக்கொண்டது. நீதிமன்றத்தின் அதிகாரத்தை 1990இல் ஏற்றது. அதற்குப் பிறகு, உடன்படிக்கை மீறப்பட்டதாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தீர்ப்புகள் அந்நாட்டுக்கு எதிராக வந்திருக்கின்றன. எரிக்கப்பட்ட கிராமங்கள், காவலில் சித்திரவதை, காணாமல் ஆக்கப்பட்டவர்கள், அரசியல் கைதுகள், ஒரே ஆணையில் வேலை பறிக்கப்பட்ட அரசு ஊழியர்கள் என்று நீதிமன்றத்தின் ஒவ்வொரு கருவியும் இந்த நாட்டு வழக்குகளில்தான் உருவானது அல்லது சோதிக்கப்பட்டது. இந்த வழக்குகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இறுதித் தீர்ப்புகளையே எண்ணிப் பார்க்கிறார்கள். ஆனால் முறையிட்டவரின் விதி பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, உள்நாட்டில் பரிகாரம் தேடி முடித்துவிட்டாரா என்ற முதல் கேள்வியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. 1990களில் இந்தக் கேள்வியைக் களத்தில் நடப்பதைப் பார்த்துத் தீர்த்த நீதிமன்றம், பின்னாளில் அரசு காகிதத்தில் காட்டும் வாக்குறுதியைப் பார்த்துத் தீர்க்கத் தொடங்கியது. அதைத் தன்னடக்கம் என்கிறார்கள். அது பல்லாயிரம் பேருக்கு நீதியை மறுத்த முடிவு என்பது இக்கட்டுரையின் வாதம்.

முறையீடு செல்லும் வழியை முதலில் சொல்லிவிடலாம். உள்நாட்டின் இறுதி முடிவு வந்த நான்கு மாதங்களுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். 2022 பிப்ரவரிக்கு முன்பு இது ஆறு மாதமாக இருந்தது. தகுதியற்றது என்று பார்த்தவுடன் தெரிகிற மனுவை ஒரே நீதிபதி தள்ளுபடி செய்துவிடலாம். அதன் மேல் முறையீடு கிடையாது. முன்பே தீர்ந்துவிட்ட சட்டக் கேள்வி என்றால் மூவர் குழுவும், புதியது என்றால் எழுவர் அமர்வும், மிக முக்கியமானது என்றால் 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வும் விசாரிக்கின்றன. எழுவர் அமர்விலும் பேரமர்விலும் எதிர்மனுதார நாட்டின் நீதிபதி ஒருவர் கட்டாயம் இருப்பார். மனுவின் நகலும் நீதிமன்றத்தின் கேள்விகளும் அரசுக்கு அனுப்பப்படும். அரசு பதில் எழுதும். மனுதாரர் மறுபதில் எழுதுவார். வாய்மொழி வாதம் மிக அரிது. பத்து மனுக்களில் ஒன்பதுக்கும் மேல் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. தீர்ப்பு வந்தால் அதை நிறைவேற்றுவதைக் கண்காணிப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல. உறுப்பு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களும் அவர்கள் சார்பாளர்களும் அமர்ந்த அமைச்சர்கள் குழுவின் பொறுப்பு அது.

1992 நவம்பரில் தியார்பக்கீர் மாநிலத்தில் கெலெக்சி என்ற குர்து கிராமத்தின் வீடுகள் எரிந்தன. குர்துத் தொழிலாளர் கட்சியின் ஆயுதப் போராட்டம் 1984இல் தொடங்கியது; 1987 முதல் தென்கிழக்கு மாநிலங்கள் பல நெருக்கடி நிலை ஆட்சியில் இருந்தன. பாதுகாப்புப் படைதான் எரித்தது என்றனர் கிராமத்தார். போராளிகள்தான் எரித்தார்கள் என்றது அரசு. அக்திவார் வழக்கு என்று பெயர்பெற்ற இந்த முறையீட்டில் அரசு முதலில் எடுத்த வாதம், கிராமத்தார் உள்ளூர் நீதிமன்றத்துக்கே போகவில்லை என்பது. துருக்கி அரசியல் சாசனத்தின் 125ஆம் பிரிவின்படி, அரசின் மேல் தவறை நிரூபிக்காமலேயே நிர்வாக நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். அந்தக் கதவு திறந்துதானே இருக்கிறது என்று அரசு கேட்டது. சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த வாதம் வென்றிருக்கும். 1996 செப்டம்பர் 16 அன்று தீர்ப்பளித்த பேரமர்வு வேறொன்றைப் பார்த்தது. கிராமங்கள் பரவலாக அழிக்கப்பட்ட அந்த வட்டாரத்தில், படையினர் வேண்டுமென்றே வீட்டை அழித்தார்கள் என்று சொல்லி இழப்பீடு பெற்ற ஒரே ஒருவரின் வழக்கைக்கூட அரசால் காட்ட முடியவில்லை. படையினர் மேல் உருப்படியாக வழக்கு நடத்தியதற்கும் சான்று இல்லை. வீட்டை இழந்து, பிழைப்பை இழந்து, யாரைக் குற்றம் சொல்கிறார்களோ அவர்களின் கட்டுப்பாட்டிலேயே வாழ்கிறவர்கள் எப்படி அஞ்சாமல் வழக்குப் போடுவார்கள் என்றும் நீதிமன்றம் யோசித்தது. பரிகாரம் இருக்கிறது என்று சொல்வது அரசின் பொறுப்பு. அது நடைமுறையில் வேலை செய்கிறது என்று காட்டுவதும் அரசின் பொறுப்பு. இந்த விதியைத்தான் அக்திவார் தீர்ப்பு நிலைநாட்டியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அதிகாரிகள் மனுதாரர்களை அழைத்து, கேமராவை வைத்து, மனுவைப் பற்றி விசாரித்ததும் முறையிடும் உரிமையைத் தடுத்த செயல் என்று அதே தீர்ப்பு கண்டது.

அரசின் விசாரணை எப்படி நடந்தது என்பதையும் அந்த ஆண்டுகளின் தீர்ப்புகள் நெருங்கிப் பார்த்தன. பாதுகாப்புப் படையினர் மேல் புகார் வந்தால் அரசு வழக்குரைஞர் கோப்பை மாநில நிர்வாக மன்றத்துக்கு அனுப்பிவிடுவார். மன்றத்துக்குத் தலைமை ஆளுநர். விசாரிக்க நியமிக்கப்படும் அதிகாரி பெரும்பாலும் புகாருக்கு ஆளானவர்களின் அதே படை அடுக்கைச் சேர்ந்தவர். 1998இல் குலெச் வழக்கில் இந்த ஏற்பாட்டைச் சுதந்திரமான விசாரணை என்று ஏற்க நீதிமன்றம் மறுத்தது. காவலில் சித்திரவதை நடந்தது என்று இந்த நீதிமன்றம் முதன்முதலாகத் தீர்ப்பளித்ததும் ஒரு துருக்கி வழக்கில்தான், 1996 டிசம்பர் 18 அன்று. மார்தின் மாநிலத்தின் உலோகத் தொழிலாளி ஒருவர் 1992இன் இறுதியில் காவலில் 14 நாள் வைக்கப்பட்டார். கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டதாக அவர் சொன்னார். வெளியே வந்த சில நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தபோது இரு கைகளும் செயலிழந்திருந்தன. விடுவிப்பதற்கு முன் அவரைப் பார்த்த அரசு வழக்குரைஞர் எதையும் கவனிக்கவில்லை. காவலுக்குள் நலமாகச் சென்றவர் காயத்தோடு வெளியே வந்தால் காரணம் சொல்ல வேண்டியது அரசு. சொல்ல முடியாவிட்டால் பொறுப்பு அரசின் தலையில் விழும். அக்சோய் வழக்கில் இந்த விதி சித்திரவதைக்குப் பொருந்தியது. 2000ஆம் ஆண்டு சல்மான் வழக்கில் காவல் மரணத்துக்கும் உறுதியானது. இதைச் சிறிய நுட்பமாக நினைக்கக் கூடாது. சாட்சி ஒருவரும் இல்லாத அறைக்குள் நடந்ததை வெளியே இருக்கிறவர் நிரூபிக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டை இந்த ஒரு விதி தலைகீழாக்கியது. அக்சோய் வழக்கின் மனுதாரர் தீர்ப்பைப் பார்க்கவில்லை. 1994 ஏப்ரலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கை அவர் தந்தை நடத்தினார்.

அந்தக் காலத்தில் உண்மையைக் கண்டறியும் வேலையை ஐரோப்பிய மனித உரிமைகள் ஆணையம் செய்தது. ஆணைய உறுப்பினர்கள் நேரில் துருக்கிக்குப் போய், கிராமத்தாரையும் காவலர்களையும் வழக்குரைஞர்களையும் விசாரித்தார்கள். மகனை இழந்த தந்தை ஒருவர் திமுர்தாஷ் வழக்கில் ஆணையத்திடம் ஒரு நகலைக் கொடுத்தார். அவர் மகன் பிடிபட்டதாகச் சொல்லும் படையின் நடவடிக்கை அறிக்கை அது. நகல் போலி, அந்த எண்ணில் இருக்கும் மூலம் வேறு, அது இரகசியம் என்று சொல்லி மூலத்தைக் காட்ட அரசு மறுத்தது. ஆணையம் நகலின் விவரங்களை மற்ற பதிவுகளோடு ஒப்பிட்டு அது உண்மையானது என்று முடிவு செய்தது. மறைத்ததே அரசுக்கு எதிரான ஊகத்துக்கு இடம் தரும் என்று 2000இல் நீதிமன்றம் சொன்னது. இதற்கெல்லாம் பின்னால் வழக்கறிஞர்களின் உழைப்பு இருந்தது. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கெவின் பாயிலும் பிரான்சுவாஸ் ஹாம்ப்சனும் லண்டனில் இருந்த குர்து மனித உரிமைத் திட்டத்தோடு சேர்ந்து இவ்வழக்குகளை நடத்தினர். தியார்பக்கீரின் உள்ளூர் வழக்கறிஞர்கள் சாட்சிகளைத் தேடித் தந்தனர். அந்த உள்ளூர் வழக்கறிஞர்கள் சிலர் 1993இல் கைதாகித் துன்புறுத்தப்பட்டார்கள் என்று 2003இல் எல்சி வழக்கில் நீதிமன்றமே கண்டது. அவர்களில் தாஹிர் எல்சியும் ஒருவர். 1994 மார்ச் 26 அன்று குஷ்கொனார், கொச்சாயிலி என்ற இரு கிராமங்களில் வானிலிருந்து குண்டு விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பென்செர் வழக்கிலும் அவர் உழைப்பு உண்டு. போராளிகள்தான் கிராமத்தைத் தாக்கினார்கள் என்று அரசு கடைசி வரை சாதித்தது. அன்று அந்த வட்டாரத்தில் விமானங்கள் பறந்ததைக் காட்டும் பறப்புப் பதிவுகள் அரசின் கூற்றை உடைத்தன. 2013 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தியார்பக்கீர் வழக்கறிஞர் சங்கத்தின் தலைவராக இருந்த எல்சி, 2015 நவம்பர் 28 அன்று நகரின் நடுவே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தனை தீர்ப்புகளால் துருக்கியில் என்ன மாறியது என்று கேட்பது நியாயம். மாறியது நிறைய. அரசப் பாதுகாப்பு நீதிமன்றங்களில் ராணுவ நீதிபதி அமர்வது நேர்மையான விசாரணை ஆகாது என்று 1998இல் இன்ஜல் வழக்கில் தீர்ப்பு வந்தது; அடுத்த ஆண்டு ராணுவ நீதிபதிகள் நீக்கப்பட்டார்கள்; 2004இல் அந்த நீதிமன்றங்களே ஒழிந்தன. காவலில் வைக்கும் காலம் குறைந்தது, மரண தண்டனை ஒழிந்தது, 2004இல் அரசியல் சாசனத்தின் 90ஆம் பிரிவு திருத்தப்பட்டு, மனித உரிமை உடன்படிக்கையோடு உள்நாட்டுச் சட்டம் மோதினால் உடன்படிக்கையே மேலோங்கும் என்றானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் ஆசை இவற்றுக்குப் பெரிய காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதைத் திருத்த வேண்டும் என்று ஒன்றியம் போட்ட பட்டியலுக்கு அடிப்படையாக இருந்தது இந்தத் தீர்ப்புகளின் குவியல். வெளியிலிருந்து வந்த அழுத்தத்துக்குச் சான்றின் எடையைத் தந்தது நீதிமன்றம். சைப்ரஸில் தன் நிலத்தின் மேல் கட்டுப்பாட்டை இழந்த பெண்மணியின் லொய்சிடு வழக்கில் 1998இல் விதித்த இழப்பீட்டைத் தரவே மாட்டேன் என்று ஐந்து ஆண்டு நின்ற துருக்கி, 2003 டிசம்பரில் தந்தது.

திருப்பம் 2004இல் தொடங்கியது. துன்ஜெலி மாநிலத்தில் 1994இல் தங்கள் கிராமத்திலிருந்து விரட்டப்பட்டவர்களின் தோவான் வழக்கில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதேபோன்ற சுமார் 1,500 மனுக்கள் அப்போது காத்திருந்தன. தீர்ப்பு வந்த சில வாரங்களில் துருக்கி 5233ஆம் எண் சட்டத்தை இயற்றி, மாநிலந்தோறும் இழப்பீட்டுக் குழுக்களை அமைத்தது. 2006 ஜனவரியில் இச்யெர் வழக்கில், இனி அந்தக் குழுக்களுக்கே போங்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காத்திருந்த மனுக்களும் திரும்பின. இந்த முடிவை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். குழுக்கள் இழப்பீடு வழங்கிய முடிவுகளை அரசு நீதிமன்றத்தின் முன் வைத்தது. அக்திவாரில் காட்ட முடியாத சான்று இங்கே கொஞ்சமாவது இருந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பணமும் கிடைத்தது. ஆனால் கிராமத்தார் கேட்டது பணம் மட்டுமா? யார் எரித்தார்கள், யார் உத்தரவிட்டார்கள் என்பதை அந்தச் சட்டம் தொடவே இல்லை. மன வேதனைக்கு அதில் இழப்பீடு கிடையாது, சொத்துக்கும் விளைச்சலுக்கும்தான். இழப்பீட்டுக் குழுவை முழுப் பரிகாரமாக ஏற்றபோது, பொறுப்பேற்க வைப்பது என்ற பாதியை நீதிமன்றம் கைவிட்டது. அதே காலத்தில் உண்மை கண்டறியும் பயணங்களும் அருகின. ஆணையம் 1998இல் நிரந்தர நீதிமன்றத்துக்கு வழிவிட்ட பிறகு, நேரில் போய் விசாரிக்க ஆளும் நேரமும் இல்லாமல் போனது.

2012 செப்டம்பர் 23 முதல் துருக்கியின் அரசியல் சாசன நீதிமன்றத்திலேயே தனிமனிதர் முறையிடலாம் என்ற புதிய வழி திறந்தது. இது நல்ல ஏற்பாடு. அடுத்த ஆண்டே ஹசன் உசுன் வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்க் அதை ஏற்றதும் சரி. தொடக்க ஆண்டுகளில் அந்த நீதிமன்றம் துணிவாகப் பல தீர்ப்புகளைத் தந்தது. சோதனை 2016 ஜூலை 15 இரவு வந்தது. ராணுவத்தின் ஒரு பகுதி ஆட்சியைக் கவிழ்க்க முயன்று சுமார் 250 பேர் உயிரிழந்தார்கள். சில நாட்களில் நெருக்கடி நிலை வந்தது. உடன்படிக்கையின் 15ஆம் பிரிவின்படி சில கடமைகளிலிருந்து விலகுவதாகத் துருக்கி அறிவித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆணைகள் மூலம் 125,000க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் வேலையிழந்தார்கள். ஆணையின் பின்னிணைப்பில் ஒரு பெயர்ப் பட்டியல். பெயர் வந்தால் வேலை போயிற்று, கடவுச்சீட்டு ரத்தாயிற்று, அரசுப் பணிக்கு வாழ்நாள் முழுதும் தடை. எந்தச் செயலுக்காக என்று ஒருவருக்கும் தனியே சொல்லப்படவில்லை. ஆசிரியர்களும் மருத்துவர்களும் நீதிபதிகளும் நூற்றுக்கணக்கில் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு எழுதத் தொடங்கி, ஆயிரக்கணக்கில் எழுதினார்கள்.

இந்தக் கட்டத்தில் கொக்சால் வழக்கை அக்திவாருக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மனுதாரர் ஒரு பள்ளி ஆசிரியர். 2016 செப்டம்பரின் ஆணையில் வேலையிழந்தவர். வெனிஸ் ஆணையம் என்று அறியப்படும் ஐரோப்பியச் சட்ட ஆலோசனைக் குழு, ஒவ்வொருவரின் வழக்கையும் தனித்தனியே பார்க்கும் அமைப்பு ஒன்று வேண்டும் என்று 2016 டிசம்பரில் பரிந்துரைத்தது. 2017 ஜனவரி 23 அன்று 685ஆம் எண் ஆணை நெருக்கடி நிலை நடவடிக்கைகளுக்கான ஏழு பேர் விசாரணைக் குழுவை அமைத்தது. அந்தக் குழு இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்று 2017 ஜூனில் நீதிமன்றம் கொக்சால் மனுவைத் தள்ளியது; அதை வைத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் தள்ளுபடியாயின. அன்றைய தேதியில் அந்தக் குழு ஒரு மனுவைக்கூடப் பெற்றிருக்கவில்லை. அது மனு வாங்கத் தொடங்கியது அடுத்த மாதம். முதல் முடிவுகள் வந்தது அந்த ஆண்டின் இறுதியில். வேலை செய்யும் பரிகாரம் என்று காட்டுவது அரசின் பொறுப்பு என்று 1996இல் சொன்ன நீதிமன்றம், வேலையே தொடங்காத ஒன்றைப் பரிகாரம் என்று 2017இல் ஏற்றது. குழுவின் ஏழு பேரில் பெரும்பாலோரை நியமிப்பது அரசின் நிர்வாகமே. மனுதாரர் தன் மேல் உள்ள சான்றைப் பார்க்காமலேயே எழுத வேண்டும். நேரில் பேச வாய்ப்பில்லை. குழு தன் பணியை முடித்தபோது ஏறத்தாழ 127,000 மனுக்களைத் தீர்த்திருந்தது. அவற்றில் மனுதாரர் பக்கம் முடிந்தவை 18,000க்கும் குறைவு. மறுக்கப்பட்டவர் அங்காரா நிர்வாக நீதிமன்றத்துக்கும், பிறகு மேல்முறையீட்டுக்கும், பிறகு நிர்வாக உச்ச மன்றத்துக்கும், அதன்பின் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கும் போய், அங்கும் தோற்ற பிறகுதான் ஸ்ட்ராஸ்பூர்க் படியேறலாம். 2016இல் முப்பது வயதாயிருந்த ஓர் ஆசிரியருக்கு அந்தப் பாதை எத்தனை ஆண்டுகளைத் தின்னும் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுக்கவில்லை.

இதற்குச் சொல்லப்படும் முதல் சமாதானம் சுமை. 46 நாடுகளிலிருந்து வரும் பல்லாயிரக்கணக்கான மனுக்களுக்கு 46 நீதிபதிகள்; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துருக்கியர்கள் ஒரே நேரத்தில் வந்தால் நீதிமன்றமே நின்றுவிடும் என்கிறார்கள். இந்தக் கவலை உண்மையானது, இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எல்லா மனுவையும் தீர்ப்பது ஒன்று, ஒரு மனுவைக்கூடத் தீர்க்காமல் இருப்பது வேறு. ஒரே வகை மனுக்கள் குவியும்போது சிலவற்றை மட்டும் எடுத்து முழுமையாக விசாரித்து, மற்றவற்றை அதுவரை நிறுத்திவைக்கும் வழிமுறை நீதிமன்றத்திடம் 2004 முதலே இருக்கிறது. ஒரு ஆசிரியர், ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர் என்று மூன்று வழக்குகளை 2017இல் எடுத்திருந்தால், காரணம் சொல்லாமல் பெயர்ப் பட்டியலால் வேலை பறிக்கலாமா என்ற கேள்விக்கு விடை இரண்டு ஆண்டுகளில் கிடைத்திருக்கும். அந்த விடை அங்காராவின் குழுவுக்கே அளவுகோலாகியிருக்கும். மனுக்களைத் திருப்பி அனுப்பியதால் சுமையும் குறையவில்லை, அது தள்ளிப்போனது. 2023இன் இறுதியில் நீதிமன்றத்தில் தேங்கிய மனுக்களில் மூன்றில் ஒரு பங்கு துருக்கியிலிருந்து வந்தவையே.

இரண்டாவது சமாதானம் கனமானது. பயங்கரவாதத்தையும் ராணுவச் சதியையும் உண்மையாகவே சந்தித்த அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ள இடம் தர வேண்டும் என்கிறார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் அமர்ந்திருப்பவர்களுக்கு இஸ்தான்புல் இரவின் அச்சம் புரியாது என்பதும் அவர்கள் வாதம். குர்துப் போராளிகள் ஆசிரியர்களையும் கிராமக் காவலர்களையும் கொன்றது உண்மை. 2016இல் நாடாளுமன்றத்தின் மேல் குண்டு விழுந்தது உண்மை. ஆனால் 15ஆம் பிரிவே இதற்காகத்தான் எழுதப்பட்டது, அதற்கு எல்லையும் வகுத்திருக்கிறது. 1996இன் அக்சோய் தீர்ப்பு, தென்கிழக்கில் நெருக்கடி இருப்பதை ஏற்றுக்கொண்டே, நீதிபதியின் முன் கொண்டுபோகாமல் 14 நாள் காவலில் வைப்பதை நெருக்கடி நியாயப்படுத்தாது என்றது. அரசின் அச்சத்தைப் புரிந்துகொள்வதும் அதன் செயலைச் சோதிப்பதும் ஒரே தீர்ப்பில் கூடிவர முடியும் என்பதற்கு அதுவே சான்று. கொக்சால் முடிவில் நெருக்கடியின் அளவு பற்றிய சோதனை நடக்கவே இல்லை. கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே வாசல் அடைத்தது. வெளியாருக்கு நிலவரம் புரியாது என்ற வாதமும் துருக்கியின் விஷயத்தில் பலவீனமானது. உடன்படிக்கையை எழுதிய ஐரோப்பிய அமைப்பில் துருக்கி தொடக்க காலம் முதலே உறுப்பினர். உடன்படிக்கை தன் சட்டத்துக்கு மேலானது என்று தன் சாசனத்திலேயே எழுதிக்கொண்ட நாடு.

மூன்றாவதாக, தீர்ப்பு வந்தாலும் நடப்பதில்லை என்கிறார்கள். இதற்கு ஒஸ்மான் கவாலாவின் வழக்கைக் காட்டுவார்கள். தொழிலதிபரும் பண்பாட்டு அமைப்புகளின் புரவலருமான அவர் 2017 அக்டோபரில் கைதானார். மனித உரிமைக் காவலர் ஒருவரின் வாயை அடைப்பதே கைதின் மறைமுக நோக்கம் என்று, உடன்படிக்கையின் மிக அரிதாகப் பயன்படும் 18ஆம் பிரிவை எடுத்து, 2019 டிசம்பர் 10 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே விடுவிக்கவும் சொன்னது. 2020 பிப்ரவரியில் விடுதலையான அன்றே வேறு குற்றச்சாட்டில் மீண்டும் பிடித்தார்கள். குர்து ஆதரவுக் கட்சியின் முன்னாள் இணைத் தலைவர் செலாஹத்தின் தெமிர்தாஷுக்கும் இதேபோல் 2020 டிசம்பரில் பேரமர்வின் தீர்ப்பு வந்தது, கதவு திறக்கவில்லை. அமைச்சர்கள் குழு கவாலா வழக்கை 2022 பிப்ரவரியில் மீண்டும் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. தீர்ப்பை மதிக்கவில்லை என்ற இந்தத் தனி நடவடிக்கை, அஜர்பைஜான் வழக்கு ஒன்றுக்குப் பிறகு வரலாற்றில் இரண்டாவது முறை. நீதிமன்றம் முடிவெடுப்பதற்குள், 2022 ஏப்ரலில், உள்நாட்டு நீதிமன்றம் அவருக்கு வாழ்நாள் சிறை விதித்தது. ஜூலையில் பேரமர்வு துருக்கி தன் கடமையை மீறியது என்று கண்டது. 2023 செப்டம்பரில் துருக்கியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. இந்தத் தோல்வி பெரியது, அதை மூடி மறைப்பதில் பயனில்லை. ஆனால் இது யாருடைய தோல்வி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது; தீர்ப்பை நடத்தி வைக்க வேண்டிய 45 அரசுகள், துருக்கியோடு உள்ள குடியேறிகள் ஒப்பந்தமும் ராணுவக் கூட்டணியும் கருதித் தயங்கின. தீர்ப்பு நிறைவேறாது என்ற பயத்தில் நீதிமன்றமே தீர்ப்பளிக்காமல் விட்டால், அந்தத் தயக்கத்தை வெளிச்சத்தில் வைப்பதற்கும் ஒன்றும் இருக்காது.

தாமதத்தின் விலை யால்சின்கயா வழக்கில் முழுதாகத் தெரிந்தது. பைலாக் என்ற செய்திச் செயலியைப் பயன்படுத்தினார் என்பதையே, 2016 சதிக்குப் பின்னால் இருந்ததாக அரசு சொன்ன ஆயுதக் குழுவின் உறுப்பினர் என்பதற்குப் போதுமான சான்றாகக் கொண்டு ஒரு ஆசிரியரைத் தண்டித்தது, சட்டம் வகுத்த குற்றத்தை நீதிமன்றமே விரித்துக்கொண்ட செயல், அது 7ஆம் பிரிவை மீறுகிறது என்று 2023 செப்டம்பர் 26 அன்று பேரமர்வு சொன்னது. செயலியின் மூலத் தரவை எதிர்த்து வாதாட வாய்ப்பு தராததும், தொழிற்சங்க உறுப்பினர் என்பதைக் குற்றத்துக்குத் துணைச் சான்றாக்கியதும் மீறலே என்றது. இது தனி ஒருவரின் சிக்கலல்ல, அமைப்பின் சிக்கல் என்றும் குறித்தது. அன்று அதேவகை மனுக்கள் சுமார் 8,500 காத்திருந்தன. தீர்ப்பு நேர்த்தியானது. ஆனால் அது வருவதற்குள் அந்தக் குற்றச்சாட்டில் தண்டனை பெற்றவர்கள் பலர் சிறைக்காலத்தை முழுதும் கழித்துவிட்டார்கள். வழக்கு மறுவிசாரணைக்குப் போனபோது, 2024 செப்டம்பரில் கெய்சேரி நீதிமன்றம் அவரை மீண்டும் குற்றவாளி என்றது.

இந்த வரிசையில் நீதிமன்றம் தவறவிட்ட ஒரு கணத்தையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் மெஹ்மெட் அல்தான், ஷாஹின் அல்பாய் என்ற இரு எழுத்தாளர்களின் கைது சட்டவிரோதம் என்று துருக்கியின் அரசியல் சாசன நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இஸ்தான்புல்லின் கீழ்நீதிமன்றங்கள் அதை ஏற்க மறுத்தன. அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்ட்ராஸ்பூர்க் அதைக் கண்டித்தது. ஆனால் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னும் வேலை செய்யும் பரிகாரமே, பின்னால் நிலைமையைப் பார்த்து மறுபரிசீலனை செய்ய உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்று முடித்தது. 2023 நவம்பரில், சிறையில் இருந்தபடியே நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வான ஜான் அதலாய் என்ற வழக்கறிஞரை விடுவிக்கச் சொன்ன அரசியல் சாசன நீதிமன்றத்தின் தீர்ப்பை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்ததோடு, அப்படித் தீர்ப்பளித்த நீதிபதிகள் மேலேயே குற்றப்புகார் கொடுத்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னதைக் கீழே உள்ளவர்கள் கேட்பதில்லை என்றால், மனுதாரர்களை முதலில் அங்கே போகச் சொல்வதற்கு என்ன அடிப்படை? அரசு காட்டும் பட்டியலைப் பார்க்காமல், அந்த நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னவர்களில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள், எத்தனை நாளில் வந்தார்கள், மறுவிசாரணைகள் எப்படி முடிந்தன என்று அக்திவார் காலத்தைப் போலக் கணக்குக் கேட்டால் விடை கிடைக்கும். மறுபரிசீலனை செய்யும் உரிமையை 2018இல் நீதிமன்றம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அதைச் செய்யத் தேவையான சான்று 2023 நவம்பரிலேயே அதன் முன் வந்துவிட்டது.